34 தடவை வந்தார், 9 தடவைதான் ஓடினார்

முதல்லயே சொல்லிடறேன், இது விடாமுயற்சி பற்றிய கட்டுரை இல்லை. அந்த வகைக் கட்டுரை நம்ம இதழில் மாசத்துக்கு ரெண்டாவது வந்துடுது. நான் எழுதப்போகிற ஆள் விட்டுட்டுப் போனவர். பெயர் பெர்ன்ட் ஷ்னைடர். ஜெர்மன்காரர். சின்ன வயசிலிருந்து எதுக்காகக் கார் ஓட்டினாரோ அந்த ஃபார்முலா 1-ஐ 26 வயசிலேயே விட்டுட்டு, கூரை வச்ச கார் ஓட்டப் போனார். ஃபார்முலா 1 புள்ளிவிவரப் பக்கத்தில் அவர் பெயருக்கு நேரா இருப்பது இவ்வளவுதான்: பதிவு செய்தது 34 ரேஸ், ஓடியது 9, சிறந்த இடம் 12, புள்ளி பூஜ்யம்.

இதை மட்டும் பார்த்தால் நீங்க என்ன நினைப்பீங்க? நானும் அதையேதான் நினைச்சேன். "ஃபெயிலியர் டிரைவர்ஸ்" என்று யாரோ போட்டிருந்த ஒரு பட்டியலில்தான் அவர் பெயரையே முதல்ல பார்த்தேன்.

இப்ப ஏன் அவரைப் பற்றி எழுதணும்னா, அதுக்கு நம்ம காலேஜ் கார் டீம்தான் காரணம். போன வருஷம் டிரைவர் தேர்வு நடந்தது ஞாபகம் இருக்கும். விளையாட்டு மைதானத்துக்குப் பின்னால இருக்கிற பார்க்கிங்கில் கோன் வச்சு, வாடகைக்கு எடுத்த ஒரே ஒரு கோ-கார்ட்டில், ஆளுக்கு மூணு ரவுண்டு. அதில் எது வேகமோ அதுதான் கணக்கு. ஸ்டாப்வாட்ச் பிடிச்சது நான். 31 பேர் வந்தாங்க, நாலு பேரை எடுத்தோம். சாயங்காலம் கார்ட்டைத் திருப்பிக் கொடுக்க டெம்போவில் ஏத்தும்போதுதான் கவனிச்சோம், பின் பிரேக் டிஸ்க் நீலம் பாரிச்சுக் கிடந்தது. பேட் ஒட்டிக்கிட்டே ஓடியிருக்கு. எப்போதிருந்து ஒட்டுச்சுன்னு யாருக்கும் தெரியலை. மதியத்துக்கு மேல ஓட்டின பத்துப் பன்னிரண்டு பேருடைய டைம் எல்லாம் பொய். ஆனா பட்டியல் அதுக்குள்ள வாட்ஸப் குரூப்பில் போயிடுச்சு. "இனிமே மாத்தினா பிரச்சினைடா" என்று ஒருத்தன் சொன்னான். நாங்களும் விட்டுட்டோம்.

இதை மனசில் வச்சுக்கிட்டு 1989-க்கு வாங்க.

அந்த வருஷம் ஃபார்முலா 1-ல் 20 டீம், 39 கார். ரேஸில் நிற்க இடம் 26-க்குத்தான். தகுதிச் சுற்றிலேயே 30 காருக்கு மேல் விட முடியாது. அதனால அதுக்கும் முன்னால ஒரு வடிகட்டி வச்சாங்க, முன்-தகுதிச் சுற்று. வெள்ளிக்கிழமை காலை 8 மணிக்கு ஆரம்பிச்சு 9 மணிக்கு முடிஞ்சிடும். புது டீம், முந்தின சீசனில் சரியா ஓடாத டீம் என்று 13 கார் அதில் இறங்கும். நாலு தேறும். மிச்சம் ஒன்பது காரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஊர் முழிச்சு டீ குடிக்கிறதுக்குள்ள அவங்களுக்கு அந்த வார ரேஸ் முடிஞ்சுபோச்சு. கண்டம் விட்டுக் கண்டம் காரை விமானத்தில் ஏத்திக்கிட்டு வந்து ஒரு மணி நேரம் ஓட்டிட்டுத் திரும்பின டீம்கள் உண்டு.

ஷ்னைடர் அந்த 13-ல் ஒருத்தர். 1987-ல் ஜெர்மன் ஃபார்முலா 3 சாம்பியன் ஆகி, அடுத்த வருஷமே சாக்ஸ்பீட் டீமுக்கு வந்தவர். நூர்பர்க்ரிங் டிராக் பக்கத்தில் நீடர்சிஸ்ஸன் என்கிற சின்ன ஊரில் எரிக் சாக்கோவ்ஸ்கி நடத்தின டீம் அது. நம்ம துறைக்காரங்க மரியாதை கொடுக்க வேண்டிய டீமும்கூட. அந்தக் காலத்தில் ஃபெராரி மாதிரி சேசிஸையும் எஞ்சினையும் தானே செய்தவங்க ரொம்பக் கொஞ்சம் பேர், அதில் இவங்க ஒண்ணு. 1500 சிசி டர்போ, நாலு சிலிண்டர், சொந்தத் தயாரிப்பு. மொத்த ஃபார்முலா 1 வாழ்க்கையில் அவங்களுக்குக் கிடைச்சது ரெண்டே புள்ளி, அதுவும் ஷ்னைடர் வர்றதுக்கு முந்தின வருஷம். 1989-ல் டர்போவுக்குத் தடை வந்தது. சொந்த எஞ்சின் போச்சு, யமஹாவின் புது வி8-ஐ வாங்கி மாட்டினாங்க. ஃபார்முலா 1-ல் யமஹாவுக்கு அதுதான் முதல் வருஷம்.

1988-ல் டர்போ காரில் 16-க்கு 6 ரேஸில் நின்றவர், 1989-ல் 16-க்கு 2-ல்தான் நின்றார். சீசனின் முதல் ரேஸ் பிரேசில், கடைசிக்கு முந்தினது ஜப்பான். நடுவில் இருந்த 13 ரேஸிலும் கடைசி ரேஸிலும் அந்த எட்டு மணிச் சுற்றோடு சரி. அடுத்த வருஷம் ஆரோஸ் டீமில் இன்னொருத்தருக்குப் பதிலாக ரெண்டு வாய்ப்பு கிடைச்சது. ஒண்ணில் 12-வது இடம், இன்னொண்ணில் தகுதி பெறலை. அதோட கதை முடிஞ்சுது.

இங்கேதான் எனக்கு வாதம் இருக்கு. அதே 1989-ல், அதே சாக்ஸ்பீடில், அதே யமஹா எஞ்சினோட ஓட்டின இன்னொருத்தர் அகுரி சுசுகி. ஷ்னைடராவது ரெண்டு தடவை தேறினார். சுசுகி 16-க்கு 16-ம் அவுட். ஒரு வெள்ளிக்கிழமைகூட அந்தக் கதவைத் தாண்டலை. இப்படிப்பட்ட டிரைவரை நீங்க எடுப்பீங்களா? ஒரு டீம் எடுத்தது. 1990 அக்டோபரில், ஜப்பானின் சுசுகா டிராக்கில், லருஸ் டீமின் லோலா காரில் அதே சுசுகி மூன்றாவது இடத்தில் வந்து மேடை ஏறினார். ஒரு வருஷத்தில் அந்த மனுஷனுக்குப் புதுசா கையோ காலோ முளைச்சிருக்காது.

லேபில் நமக்கு என்ன சொல்லிக் கொடுக்கிறாங்க? கருவியோட பிழை தெரியாம அளவைப் பேசாதேன்னு. கேஜை முதல்ல பூஜ்யத்துக்குக் கொண்டுவா, அப்புறம் படி. ஆளை அளக்கும்போது மட்டும் அந்தப் பாடம் எங்கே போகுதோ தெரியலை. வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு அளந்தது டிரைவரையும் காரையும் சேர்த்து. மார்க் ஷீட்டில் ஏறியது டிரைவர் பேர் மட்டும்.

முன்-தகுதிச் சுற்றே அநியாயம் என்று நான் சொல்லலை. 39 காரை ஒரே டிராக்கில் விட முடியாது, ஏதாவது ஒரு வழியில் வடிகட்டித்தான் ஆகணும். அதே சுற்றில் தினறித் தினறித் தேறி வந்த ஸ்டெஃபான் யோஹான்சன், அந்த வருஷம் போர்ச்சுகலில் ஓனிக்ஸ் காரில் மூன்றாவது வந்திருக்கார். வடிகட்டி வேலை செய்யும். ஆனா அதில் நின்றுபோனதை எல்லாம் கசடு என்று முடிவு கட்டுவது நம்ம சோம்பேறித்தனம்.

சரி, ஷ்னைடர் என்ன ஆனார்?

கொஞ்ச நாள் போர்ஷே 962 ஓட்டினார். 1992-ல் டிடிஎம்முக்கு வந்து மெர்சிடிஸ்-ஏஎம்ஜியில் நிலையாகச் சேர்ந்தார். டிடிஎம் என்பது ஜெர்மனியின் டூரிங் கார் பந்தயம், 1984-ல் தொடங்கியது. வெளியே பார்த்தா தெருவில் போகிற பென்ஸ், ஓப்பல், ஆல்ஃபா ரோமியோ மாதிரியே இருக்கும். உள்ளே முழுக்க வேற மிருகம். 1990-களின் நடுவில் 2500 சிசி வி6, ஏபிஎஸ், டிராக்‌ஷன் கன்ட்ரோல் என்று அதில் இருந்த தொழில்நுட்பத்தில் சிலது ஃபார்முலா 1-லேயே தடை செய்யப்பட்டிருந்தது. எடை ஃபார்முலா 1 காரைப்போல ரெண்டு மடங்கு, ஆயிரம் கிலோவுக்கு மேல். டயரின் மேல் விழுகிற சுமை, பிரேக்கில் ஏறுகிற சூடு எல்லாமே வேற கணக்கு. சக்கரம் வெளியே தெரியாததால் இடிச்சுக்கிட்டும் ஓடலாம், இடிப்பாங்க. ஃபார்முலா காரில் பழகின கை இங்கே வந்து பழசை மறந்து புதுசாகக் கத்துக்கணும்.

அவர் கத்துக்கிட்டார். 1995-ல் டிடிஎம் பட்டமும், அதே கார்கள் ஓடின சர்வதேச ஐடிசி பட்டமும், ரெண்டும் அவருக்கே. அடுத்த வருஷம் ரெண்டாவது இடம். அப்புறம் அந்தப் பந்தயமே படுத்துடுச்சு. தொழில்நுட்பத்துக்கு லகான் இல்லாம செலவு ஏறி, பிரேசிலுக்கும் ஜப்பானுக்கும் போய் ஓட்டி, 1996 முடிவில் ஓப்பலும் ஆல்ஃபா ரோமியோவும் கையை விரிச்சாங்க. மெர்சிடிஸ் மட்டும் தனியா யாரோடு ஓட்டும்? (நம்ம சிம்போசியம் பட்ஜெட் நினைவுக்கு வந்தா நான் பொறுப்பில்லை.)

ஓட்டிக்கிட்டிருந்த பந்தயமே இல்லாம போனப்போ மெர்சிடிஸ் சில மாசத்துக்குள்ள சிஎல்கே ஜிடிஆர் என்று ஒரு புதுக் காரைக் கட்டுச்சு. 1997-ல் ஷ்னைடர் அதில் எஃப்ஐஏ ஜிடி சாம்பியன். 1998-ல் அவரும் மார்க் வெப்பர் என்ற இளைஞரும் ஒரே காரில் ஓடி, சொந்த டீமின் இன்னொரு காரிடம் பட்டத்தை விட்டாங்க. அந்த வெப்பர்தான் பின்னாடி ஃபார்முலா 1-ல் 9 ரேஸ் ஜெயிச்சவர்.

1999 லெ மான்ஸை நம்ம ஏரோடைனமிக்ஸ் வகுப்பில் யாராவது நடத்தணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. மெர்சிடிஸ் சிஎல்ஆர் கார் மூணு தடவை காற்றில் பறந்தது. தகுதிச் சுற்றில் ஒரு தடவை, சனிக்கிழமை காலை வார்ம்-அப்பில் ஒரு தடவை, ரெண்டிலும் ஓட்டியது வெப்பர். ரேஸில் பீட்டர் டம்ப்ரெக் ஓட்டிய கார் தடுப்பைத் தாண்டி மரங்களுக்குள் போய் விழுந்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. மூக்கு கொஞ்சம் தூக்கினால் அடியில் காற்று புகுந்து, கீழே அழுத்த வேண்டிய உடம்பே இறக்கையாக மாறிடும். அன்றைக்கு மிச்சம் ஓடிக்கிட்டிருந்த ஒரே சிஎல்ஆர், ஷ்னைடர் இருந்த கார். அதையும் உள்ளே கூப்பிட்டு ஷட்டரை இறக்கிட்டாங்க. முதல் தடவை பறந்தப்பவே இறக்கியிருக்கணும் என்பது என் கருத்து. அளவு கண் முன்னால கத்திக்கிட்டிருக்கும்போது அதை நம்பாததும் ஒரு தப்புதான்.

2000-ல் டிடிஎம் புது விதிகளோட திரும்பி வந்தது. 4000 சிசி வி8, பின்சக்கர ஓட்டம், ஏபிஎஸ் கிடையாது, டிராக்‌ஷன் கன்ட்ரோல் கிடையாது, செலவைக் குறைக்கப் பல பாகங்கள் எல்லாருக்கும் பொது. மின்னணு உதவி நிறைஞ்ச காரில் ஜெயிச்ச ஆள், அது எதுவும் இல்லாத காரில் என்ன செய்வார்? 2000-ல் சாம்பியன். 2001-ல் சாம்பியன். 2002-ல் ரெண்டாவது. 2003-ல் சாம்பியன். 2006-ல், 42 வயசில், மறுபடி சாம்பியன். மொத்தம் ஐந்து டிடிஎம் பட்டம். 2008-ல் ஓய்வு.

இதுக்கு வழக்கமாக வரும் பதில் எனக்குத் தெரியும். "ஃபார்முலா 1-ல் முடியலை, அதான் சின்னக் குளத்தில் பெரிய மீனா இருந்துட்டார்." ஹாஸ்டலில் இதை ஒருத்தன் என்கிட்ட நேராவே சொன்னான். அவனுக்குச் சொன்ன பதிலை இங்கேயும் சொல்றேன்: அந்தக் குளத்தில் யார் யார் வந்து இறங்கினாங்கன்னு பாருங்க.

ரெண்டு தடவை உலக சாம்பியன் மிக்கா ஹாக்கினன், 2005 முதல் 2007 வரை, அதே மெர்சிடிஸில். மூணு ரேஸ் ஜெயிச்சார், பட்டம் இல்லை. ஜான் அலேசி அஞ்சு வருஷம் ஓட்டி நாலு ரேஸ் ஜெயிச்சார். ஃபார்முலா 1-ல் மூணு வெற்றி வச்சிருந்த ஹைன்ஸ்-ஹரால்ட் ஃப்ரென்ட்சனுக்கு டிடிஎம்மில் ஒண்ணுகூட இல்லை. ஷ்னைடர் ஓய்வு பெறும் வருஷம் வந்து சேர்ந்த ரால்ஃப் ஷூமாக்கர், ஆறு ஃபார்முலா 1 வெற்றிக்காரர், அஞ்சு சீசன் ஓட்டியும் ஒரு வெற்றி இல்லை. 13 வெற்றியோட வந்த டேவிட் கூல்ட்ஹார்ட், மூணு சீசன், பூஜ்யம்.

எதிர்த்தரப்பு வக்கீலாகவும் நானே பேசிடறேன். அவங்கள்ல பெரும்பாலானவங்க வயசாகி, பசி அடங்கி வந்தவங்க. சிலருக்குக் கிடைச்சது முந்தின வருஷ மாடல் கார். ஷ்னைடரோ மெர்சிடிஸின் செல்லப்பிள்ளை, நல்ல கார் எப்பவும் அவருக்கு வரும். 2006-ல் போட்டியில் மிஞ்சியிருந்ததே மெர்சிடிஸும் ஆடியும் மட்டும்தான். இதெல்லாம் உண்மை, கணக்கில் கழிச்சுக்கோங்க. ஆனா ஒண்ணு கேட்கிறேன். இந்தப் பெரிய மனுஷங்க தோத்தப்போ "கார் சரியில்லை, வயசாயிடுச்சு" என்று நாம எவ்வளவு கரிசனமா காரணம் தேடறோம்? அதே கரிசனம் 1989-ல் சாக்ஸ்பீடில் உட்கார்ந்திருந்த 25 வயசுப் பையனுக்கு ஏன் கிடைக்கலை?

கழிச்சு முடிச்ச பிறகும் ஒரு மிச்சம் நிற்குது, 2013. ஓய்வு பெற்று அஞ்சு வருஷம் ஆச்சு. மெர்சிடிஸ் எஸ்எல்எஸ் ஏஎம்ஜி ஜிடி3 காரில், கூட்டாளிகளோட மாறி மாறி ஓட்டும் நீண்ட நேரப் பந்தயங்கள். ஜனவரியில் துபாய் 24 மணி நேரம் ஜெயிச்சார். நம்ம ஊரில் பலருக்கு இந்தப் பந்தயத்தின் பெயரே 2025 ஜனவரியில்தான் தெரியும், அஜித் குமாரின் டீம் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தப்போ. அடுத்து ஆஸ்திரேலியாவில் பாதர்ஸ்ட் 12 மணி நேரம், அதையும் ஜெயிச்சார். மே மாசம் நூர்பர்க்ரிங் 24 மணி நேரம். மழை கொட்டி ராத்திரி ஒன்பது மணி நேரத்துக்கு மேல ரேஸையே நிறுத்தி வச்சுட்டுக் காலையில் திரும்ப ஆரம்பிச்சாங்க. அதிலும் அவர் இருந்த கார்தான் முதல். ஜூலையில் பெல்ஜியத்தில் ஸ்பா 24 மணி நேரம். அதுவும். ஒரே வருஷம், நாலு பெரிய பந்தயம், வயசு 49-ஐத் தொட்டாச்சு. இருட்டில், மழையில், 25 வயசுப் பசங்களுக்குக் காரை நொறுக்காம கைமாத்திக் கொடுக்கிற திறமையை எந்த வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு எப்படி அளப்பீங்க?

இந்த இடத்தில் நிறுத்தி, "ஆகவே நண்பர்களே, மனம் தளராதீர்கள்" என்று முடிச்சா நீங்க கை தட்டிட்டுப் போயிடுவீங்க. எனக்கு அது வேண்டாம். ஷ்னைடருக்கு அடுத்த கதவு திறந்தது. திறக்காம போனவங்க பேரை நான் எங்கே தேடுவேன்? புள்ளிவிவரப் பக்கத்தில் அவங்களுக்கு 12-வது இடம்கூட இல்லை. அதனால இந்தக் கட்டுரை வெளியே தள்ளப்பட்டவங்களுக்கு இல்லை, ஸ்டாப்வாட்ச் பிடிக்கிறவங்களுக்கு. அதாவது எனக்கு, டீமில் இருக்கும் மத்தவங்களுக்கு, கிளப் இன்டர்வியூவில் அஞ்சு நிமிஷத்தில் ஜூனியரை எடை போடும் எல்லா சீனியருக்கும்.

இந்த வருஷத் தேர்வுக்கு நான் டீம் மீட்டிங்கில் வச்ச யோசனை இது. வாடகைக்கு ரெண்டு கார்ட். ஒவ்வொருத்தரும் ரெண்டிலும் ஓட்டணும், மூணு ரவுண்டு இல்லை, எட்டு. அஞ்சு பேருக்கு ஒரு தடவை டீமின் பழைய டிரைவர் ஒருத்தர் அதே கார்ட்டில் ஒரு ரவுண்டு போய் வரணும், வண்டி மாறியிருந்தா அதில் தெரிஞ்சிடும். ஓட்டி இறங்கினவுடனே கையில் ஒரு தாள்: எந்தத் திருப்பத்தில் முன் டயர் வழுக்குச்சு, பிரேக் எந்தப் பக்கம் இழுத்துச்சு, ரெண்டு கார்ட்டுக்கும் என்ன வித்தியாசம், எழுது. டைமுக்குப் பாதி மார்க், தாளுக்குப் பாதி. போன வருஷம் நாங்க எடுத்த நாலு பேரில் மூணு பேரிடம் "கார் எப்படி இருக்கு?" என்று கேட்டா "நல்லாயிருக்குண்ணா" என்பாங்க. வேகமாத்தான் ஓட்டினாங்க, மறுக்கலை. ஆனா அந்த பதிலை வச்சு டேம்பரில் எத்தனை கிளிக் திருப்புறது? செலவு ரெண்டு மடங்கு ஆகும்னு எதிர்ப்பு வந்தது, ஒரு நாள் முழுக்கப் போயிடும்னும் வந்தது. ரெண்டும் நிஜம்தான். ஓட்டெடுப்பில் ஒரே ஓட்டு வித்தியாசத்தில் யோசனை ஜெயிச்சிருக்கு. இந்த மாசக் கடைசி சனிக்கிழமை, காலை 8 மணி.

போன வருஷம் அந்த ஒட்டின பிரேக்கோட ஓட்டிட்டு இறங்கின ஒரு செகண்ட் இயர் தம்பி, என் பக்கத்தில் வந்து, "அண்ணா, வண்டி பின்னாடி ஏதோ பிடிக்குது, பார்க்கிறீங்களா?" என்று கேட்டான். 31 பேரில் அதைச் சொன்னது அவன் ஒருத்தன்தான். "எல்லாருக்கும் அதே வண்டிதான் தம்பி" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். போன வாரம் அவனைக் கேன்டீனில் பார்த்து, நடந்ததைச் சொல்லி, திரும்ப வாடான்னு கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் டீ கிளாஸையே பார்த்துக்கிட்டு இருந்தான். "இல்லண்ணா, நான் கோடிங் கிளப்பில் சேர்ந்துட்டேன். அங்க நல்லா போகுது" என்றான். அப்புறம், "அந்த வண்டிக்கு என்னதான் ஆச்சு, கண்டுபிடிச்சீங்களா?" என்று கேட்டான். ரிட்டர்ன் ஸ்பிரிங் என்று சொன்னேன். "நான் காலிப்பர்னு நினைச்சேன்" என்று சொல்லிட்டு எழுந்து போனான்.